நிலத்திடைத் தீவு: கொல்லிமலை

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்பர் புவிநூலார். நீருக்கு ஈடாகச் சமவெளி சூழ, செங்குத்தான சரிவுகளால் ஏனை உலகினின்றும் நெடுங்காலம் பிரிந்து நின்ற நிலத்தை யாதென்று அழைப்பது? அதனையும் தீவென்றே கொள்ளலாம் என்பது நம் கருத்து. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை அத்தகையது. சங்கச் செய்யுட்களிற் கொல்லியைக் கற்று மகிழும் நாம், இன்று அம்மலைமேல் வாழ்வாரைப்பற்றி அறிந்தது மிகச் சிறிதே. ஆதலின் அதன் நிலம், மக்கள், ஆட்சி, பொருள்வளம் என்னும் நான்கினையும் ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

நிலம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிதறிய பகுதிகளாகச் சவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவை தனித்தனியே நிற்கின்றன. கொல்லிமலையும் அவற்றுள் ஒன்று. இதன் பரப்புச் சுமார் 280 சதுர கிலோமீட்டர். உயரம் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. இச்சாலை தோன்றுமுன், உப்பு முதலாக மலைக்கு வேண்டியவை யாவும் ஒற்றையடிப் பாதைகளின் வழியே சுமையாகச் சென்றன.

மலையின் உச்சி கூரியதன்று. மேடும் பள்ளமும் விரவிய அகன்ற நிலம். பள்ளங்களிற் படிப்படியாக அமைந்த நெல்வயல்கள், மேடுகளிற் புன்செய்க் கொல்லைகள், சரிவுகளிற் காடு. மலைமேற் பிறக்கும் ஐயாறு, அறப்பளீசுவரர் கோயிலைக் கடந்து, ஆகாயகங்கை அருவியாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே சமவெளியை அடைகின்றது.

மக்கள்

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 40,000 பேர். அவருட் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்பவர் என்னும் பொருள் தருவது. சேரநாட்டு மலையாளத்தோடு தொடர்புடையதன்று. இவர் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர் வழியினரே இம்மலையிலும் அண்டை மலைகளிலும் குடியேறினர் என்றும் இவர் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

ஆட்சி

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்பதைச் சங்கச் செய்யுட்களால் அறிகின்றோம். செம்மேட்டில் இன்று ஓரிக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் விழாவும் நிகழ்கின்றது.

வேந்தர் மாறினும் மலையினுள் நடந்த ஆட்சி மலையவருடையதே. ஊருக்கு ஊர்க்கவுண்டரும், பல ஊர்கள் சேர்ந்த நாட்டிற்குப் பட்டக்காரரும் இருந்து வழக்குத் தீர்த்தனர். அந்நாடுகளின் பெயர்கள் இன்றும் அழிந்தில. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, திருப்புளி நாடு என இங்குள்ள 14 ஊராட்சிகளும் நாடு என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றன. இப்பொழுது கொல்லிமலை ஒரு வட்டம்; ஓர் ஊராட்சி ஒன்றியமும் ஆகும். இஃது அடங்கிய சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வாறு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இதுவும் ஏற்காடுமாகிய இரண்டே. ஆயினும், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி தனிக் காப்புப் பெற்ற பகுதி எதுவும் நம் மாநிலத்தில் இல்லை. ஆகவே, காட்டைப் பொறுத்த அளவில், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே இம்மக்கட்குப் பெருந்துணை.

பொருள்வளம்

மலையவரின் பழைய உணவு சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு முதலியன. சாமை ஒன்றிலேயே மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை எனப் பல வகைகளை இவர் பேணினர். ஒன்று விரைவில் விளையும். மற்றொன்று காலந்தாழ்ந்து மிக விளையும். ஒரு மழை பொய்த்தால் ஒரு வகையேனும் மிஞ்சும். இன்றோ மிளகு, காப்பி, அன்னாசி, பலா, வாழை ஆகியன சந்தைக்கு இறங்குகின்றன. புன்செய்க் கொல்லைகளிற் பெரும்பகுதியை மரவள்ளி கைக்கொண்டது. அதன் கிழங்கு சேலம், இராசிபுரம் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகட்குச் செல்கின்றது.

இம்மாறுதலுக்கு மக்களைக் குறை கூறுதல் முறையன்று. மரவள்ளி கைக்குப் பணம் தருகின்றது. அப்பணமே பிள்ளைகளின் படிப்பிற்கும் மருந்திற்கும் ஆகின்றது. சாமையோ விளைந்தபின்னும் உரலிலிட்டு நெடுநேரம் குற்றினாலன்றி உணவாகாது. அவ்வுழைப்பு முழுவதும் பெண்டிர் தலைமேலதே. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்குங்கால் யார்தான் உரலை நாடுவர்? ஆனால் மரவள்ளி மண்ணின் சத்தை மிகுதியும் உறிஞ்சுவது. சரிவில் அதன் கிழங்கைப் பறித்தெடுக்க மண் நெகிழ்கின்றது. நெகிழ்ந்த மண் அடுத்த மழையில் ஆற்றோடு போகின்றது.

மண் போவதன் பொருளை மலையவர் என்றோ அறிந்திருந்தனர். ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் என்னும் ஆங்கிலத் தம்பதியர் 1913-ஆம் ஆண்டளவில் இம்மலையிற் குடியேறி மருத்துவமும் கல்வியும் தொழிலும் பரப்பினர். 1929-இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். எவலின் தம் முதுமையிலும் மலைமக்களிடையே உழைத்து 1974-இல் மறைந்தார். 1914-இற் பிறந்த இவர்தம் மைந்தர் பால் பிராண்டு, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளர் கைகளைச் சீர்செய்து உலகப்புகழ் பெற்றவர். அவர் தம் இளமை நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கின்றார். சிறுவர் சிலர் படிவயலிற் தவளை பிடித்து நாற்றைக் கலக்கினராம். முதியவர் ஒருவர் வந்து, கைநிறையச் சேற்றை அள்ளிக் காட்டி, அதுவே ஆண்டுதோறும் சோறளிப்பது என்றும், கலங்கிய நீரோடு கீழிறங்கிய மண் மீண்டும் மலையேறாது என்றும் அறிவுறுத்தினாராம். எழுத்தறியாத உழவரிடம் கற்ற இப்பாடத்தை அம்மருத்துவர் இறுதிவரை மறந்திலர்.

கடற்றீவு ஒன்றினை இதனோடு ஒப்பிடுவோம். தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே டிரிஸ்டன் டா குன்ஹா என்னும் தீவு உளது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். வாழ்வோர் 300-க்கும் குறைவு. 1961-இல் எரிமலை வெடிக்க, அனைவரும் இங்கிலாந்து சென்றனர். 1963-இற் பெரும்பாலோர் தாமே விரும்பித் திரும்பினர். அங்கே நிலம் ஊரார்க்குப் பொது. கடலிறாலை விற்றுப் பொருளீட்டுவர்; ஆயின் பிடிக்கும் அளவை ஆண்டுதோறும் வரையறுத்துக் கொள்வர். உண்ணும் உருளைக்கிழங்கைத் தம் நிலத்திலேயே விளைப்பர். விற்பதற்கு ஒன்று, உண்பதற்கு ஒன்று என்னும் இவ்வொழுங்கினைக் கொல்லிமலையும் பண்டு கொண்டிருந்ததே.

அவ்வொழுங்கு மீளவும் கூடும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்தோறும் விதை வங்கிகளை அமைக்க மக்கட்குத் துணைநின்றது. தொம்பை என்னும் பழைய குதிர்களில் விதை மீண்டும் புகுந்தது. சிறுதானிய உமி நீக்கும் பொறிகள் வந்து பெண்டிரின் சுமையைக் குறைத்தன. அறிவுரையினும் அப்பொறியே சாமையைக் காத்தது எனலாம். உழைப்பின் வருத்தம் நீங்கினாலன்றி எப்பழமையும் நில்லாது.

சாலை வந்தபின் கொல்லிமலை பழைய தீவாக இருத்தல் இயலாது, இருத்தலும் வேண்டா. பள்ளியும் மருத்துவமும் சந்தையும் அவர்க்கும் உரியன. எனினும் அவ்வழியே இறங்குவது விளைபொருளாக இருக்கட்டும், மண்ணாக வேண்டா. ஓரியின் கொடையைப் பாட்டிற் படித்து வியக்கும் நாம், அருவிநீர் காண மலையேறுங்கால், அந்நீர் தெளிந்து ஓடுகின்றதா, கலங்கி ஓடுகின்றதா என்பதனையும் சற்றே நின்று நோக்குவோமாக.