பழைய ஜப்பான் கார் வாங்கப் போறீங்களா? முதல்ல இன்ஜின் நம்பரைப் பாருங்க!

டட்சன் 240இசட் காரில் கம்பெனி பொருத்தியது எல்24 இன்ஜின். 'எல்' என்பது இன்ஜின் குடும்பம். '24' என்றால் 2.4 லிட்டர். பிற்பாடு பலர் 2.8 லிட்டர் எல்28-ஐ மாற்றிப் பொருத்தினார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், சிலிண்டர் விட்டம் 83 மி.மீ, 86 மி.மீ. பிளாக்கில் பொறித்த எண்ணைப் பார்க்காமல் பிஸ்டன் வாங்கினால் பணம் வீண்!

டொயோட்டாவில் கணக்கே வேறு. 4ஏ-ஜிஇ-யில் '4' லிட்டர் அல்ல, 'ஏ' குடும்பத்தின் வரிசை எண். இன்ஜின் 1.6 லிட்டர்தான். 'இ' என்றால் எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அதில் கார்புரேட்டரைத் தேடவே வேண்டாம்.

அடுத்து, புகையைக் கவனியுங்கள்.

நீலம்: ஆயில் எரிகிறது.

கறுப்பு: பெட்ரோல் அதிகம் போகிறது.

இன்ஜின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை: ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். விலை பேசும் முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்!