அத்தை வீட்டுப் பச்சைக்கிளி!

ஃப்ரெண்ட்ஸ்... உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல, இல்லேன்னா ஹாஸ்டல் எதிர் டீக்கடையில ஒரு பச்சைக்கிளி கூண்டுக்குள்ள இருக்கா? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான்!

ஆமத்தூரில் என் அத்தை வீட்டிலும் ஒன்று இருந்தது. பேரு மீனா. அத்தைக்கு வெடி ஆபீஸில் வேலை. சாயங்காலம் வந்து கை, கால் கழுவியதும் முதல் வேலை மீனாவுக்குக் கொய்யாப்பழம் நறுக்குவதுதான். நான் காலேஜ் பேக்கோடு நுழைந்தால், 'வாடா, சாப்ட்டியா?' என்று அத்தை குரலிலேயே கேட்கும். செம க்யூட்! ஒரே ஒரு சிக்கல்... அது சட்டப்படி குற்றம்.

ஷாக் ஆகாதீங்க. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்க் கிளி எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலான சட்டத்தில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு. மறைந்த நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் வளர்த்த இரண்டு கிளிகளை 2023 பிப்ரவரியில் வனத்துறை எடுத்துப் போனது ஞாபகம் இருக்கா? அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய்!

அத்தையிடம் சொன்னேன். "எட்டு வருஷமா எம் புள்ள மாதிரி வளக்கேன். இதுல என்னடா குத்தம்?" என்றார். சட்டென்று பதில் வரவில்லை. யோசித்தால் இருந்தது.

கிளி மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கும். விற்பனைக்கு வரும் குஞ்சு அந்தப் பொந்திலிருந்து திருடினதுதான். தப்பாமலிருக்க இறகை வெட்டுகிறார்கள். கூட்டமாகப் பறக்க வேண்டிய பறவை, இருபது வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது, ரெண்டடிக் கூண்டில் தனியாக! 'சாப்ட்டியா?' என்று அது கேட்பது பேச ஆள் தேடித்தான்.

'கிளி வளர்த்தே தீருவேன்' என்கிறீர்களா? அதுக்கும் வழி இருக்கு. நம்ம கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜிகர். சுமார் 30 கிராம் எடை கொண்ட குட்டிக்கிளி. ஜான் கூல்ட் என்பவர் 1840-ல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அப்புறம் உலகம் முழுக்க வீடுகளிலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள். இதை வளர்க்கத் தடையில்லை. ஆனால், ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸில் பல வகைகள் 'சைட்டிஸ்' பட்டியலில் உள்ளவை. 2024 விதிகளின்படி அவற்றைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வாங்குமுன் சில விஷயம் பாஸ்...

* ஒண்ணா வாங்காதீங்க, ஜோடியா வாங்குங்க. கூண்டு உயரத்தைவிட நீளம் முக்கியம். குறுக்கே பறக்கணும் இல்லையா?

* தினையோடு நிறுத்தாமல் கீரை, காய் கொடுங்க. சாக்லேட், அவகேடோ விஷம்!

* நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை சின்னப் பறவையைக் கொன்றே விடும். கிச்சனில் கூண்டு வேண்டாம்.

* கூண்டு சுத்தம் செய்யும்போது மாஸ்க் போடுங்க. எச்சத் தூசியால் நமக்கும் காய்ச்சல் வரலாம்.

* தீபாவளி அன்று கூண்டை உள் ரூமில் வையுங்க. வெடிச் சத்தத்தில் மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். வெடிக்குப் பேர் போன ஊர்க்காரன் சொல்றேன், கேட்டுக்கோங்க!

* செமஸ்டர் லீவில் யார் பார்த்துக்கொள்வார்கள்? பதில் தெரியாவிட்டால் வாங்கவே வாங்காதீங்க.

சரி, மீனா? இறகு வெட்டிய கிளியை 'சுதந்திரம்' என்று மாடியில் திறந்து விட்டால் காக்காயோ பூனையோ முடித்துவிடும். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி. மூணு வாரம் அத்தை என்னோடு பேசவில்லை. நாலாவது வாரம் அவரே, "வாடா, போவோம்" என்றார். கூண்டைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம்.

அங்கே அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "பறந்துருமாய்யா?"

"இறகு உதிர்ந்து புதுசு முளைக்கணும்மா. அப்புறம் பழக்கிப் பாக்கணும்" என்றார்கள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எட்டு வருஷம் ஆச்சே!

திரும்பும்போது கோயிலுக்குப் போனோம். ஆண்டாளின் இடது தோளில் கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு... தினமும் புதுசாகக் கட்டுகிறார்கள். அத்தை ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "ஆத்தாளே இலைக்கிளிதான்டா வச்சிருக்கா" என்றார் மெதுவாக.

கூண்டு இப்போது பழைய இரும்புக்கடையில். மாடிச் சுவரில் ஒரு மண்சட்டித் தண்ணீர். சாயங்காலம் கிளிக் கூட்டம் கத்திக்கொண்டு போனால் அத்தை அண்ணாந்து பார்க்கிறார். நான் நுழைந்தால் 'சாப்ட்டியா?' கேட்பது இப்போ அத்தை மட்டும்தான். அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.

ஆனாலும் சொல்றேன்... உங்க தெருவுல தொங்குற கூண்டை இன்னிக்கு ஒரு தடவை நல்லாப் பாருங்க!