பிழை என்று மட்டும் சொல்லும் யந்திரம்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. பங்குத்தொகை சிறிதாயினும், கட்டடம் பழையதாயினும், கணக்கு நேராக இருந்தால் அங்கத்தினர் சங்கத்தை நம்புவர். நெடுங்காலம் ரொக்கப் புத்தகத்திலும் பேரேட்டிலும் இருந்த அக்கணக்கு இன்று கணிப்பொறிக்கு மாறி வருகிறது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. அப்போது அதன் மதிப்பீடு ரூ. 2,516 கோடியாக இருந்தது. இம்மாறுதலை நாம் வரவேற்கிறோம். வட்டிக் கணக்கு நொடியில் தயாராவதும், நிலுவைப் பட்டியல் கேட்டவுடன் கிடைப்பதும் சிறு நன்மைகளல்ல. ஆயினும், அந்த யந்திரம் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள முள்ளுக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். மிளகு விற்ற பணத்துடன் மலையிலிருந்து ஒரு விவசாயி பயிர்க்கடனைச் செலுத்த இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணைக்கு அன்றே கடைசி நாள். குறித்த தவணைக்குள் பயிர்க்கடனைச் செலுத்துவோருக்கு நம் மாநிலத்தில் வட்டி கிடையாது; தவறினால் வட்டி உண்டு. குமாஸ்தா பணத்தை எண்ணி வாங்கிக் கணிப்பொறியில் பதிகிறார். திரையில் சக்கரம் சுழல்கிறது. பிறகு, "சம்திங் வென்ட் ராங், ப்ளீஸ் ட்ரை அகெய்ன் லேட்டர்" என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் தோன்றுகிறது. ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயல்க என்பது அதன் பொருள். சில வேளை அவ்வாசகமும் இராது. புரோகிராமே தானாக மூடிக்கொண்டுவிடும்.

பணம் வரவாயிற்றா, இல்லையா? மீண்டும் பதியலாமா, கூடாதா? இன்றே சரியாகுமா, விவசாயி நாளையும் வர வேண்டுமா? இம்மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் அவ்வாசகம் விடை கூறவில்லை. நெய்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டுக் கூலி பதிவாகக் காத்திருக்கும் நெசவாளிக்கும் இதே நிலைதான்.

காரணம் என்ன?

சங்கத்து மேஜையிலுள்ள கணிப்பொறி தனியே வேலை செய்வதில்லை. அதில் பதியும் வரவு தொலைவிலுள்ள சர்வருக்குச் செல்கிறது. அங்கிருந்து வங்கியின் சர்வருக்கும் போகக்கூடும். வழியில் எங்கு தடை நேர்ந்தாலும், அவ்விடத்துப் புரோகிராமுக்கு அதன் காரணம் ஓரளவு தெரியும். ஆனால் அக்காரணம் கைமாறிக் கைமாறி நம் திரைக்கு வரும்போது, 'ஏதோ தவறு' என்ற ஒற்றை வாசகமாகச் சுருங்கிவிடுகிறது. நூறு வகைத் தடைகளுக்கு நூறு வாசகங்கள் எழுத உழைப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்றையே எழுதிவைப்பது எளிது. பாதுகாப்புக் கருதிச் சில விவரங்களை மறைப்பதும் உண்டு. அது நியாயமே. ஆனால் சாவி இருக்குமிடத்தைச் சொல்லக் கூடாது என்பதற்காகக் கடை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதையுமா மறைப்பது?

டால்மெலிங்டன் தரும் பாடம்

இது வெறும் சலிப்போடு தீர்ந்துபோகும் விஷயமன்று. பிரிட்டனில் தபால் நிலையங்களின் கணக்குக்கு 1999-ஆம் ஆண்டு முதல் 'ஹொரைசன்' என்னும் கணிப்பொறி முறை புகுத்தப்பட்டது. 2015-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளையில் 8,000 பவுன் ரொக்கத்தை வரவு வைக்கும்போது திரை அசையாது நின்றுவிட்டது. பதிவாயிற்று என்றோ ஆகவில்லை என்றோ அது கூறவில்லை. பொத்தான் மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டது. ஒவ்வொரு அழுத்தமும் தனி வரவாகப் பதிந்து, 8,000 பவுன் 32,000 ஆயிற்று. கையில் இல்லாத 24,000 பவுனுக்குக் கணக்கில் பற்றாக்குறை தோன்றியது.

இக்கிளையில் பிழை வெளிப்பட்டுவிட்டது. மற்றோர் பலருக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. கணக்கு முறையில் நேர்ந்த கோளாறுகளை மனிதர் செய்த களவென்று கருதி, 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் வீடு வாசல் இழந்தனர். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பலருக்குக் கிடைத்த பதில், "இப்படி ஒரு குறை உங்களுக்கு மட்டுமே நேர்ந்திருக்கிறது" என்பதாகும். ஒவ்வொருவரும் அதை நம்பித் தனியே தவித்தனர்.

இறுதியில் 555 பேர் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். பற்றாக்குறைகளுக்கு மென்பொருள் கோளாறு காரணமாயிருக்கக்கூடும் என்று 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, நூற்றுக்கணக்கானோர் மீதிருந்த குற்றத் தீர்ப்புகளை ரத்து செய்தது. தனித்தனியே அழுதபோது கேளாத காது, கூடி நின்றபோது கேட்டது. கூட்டுறவாளருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2021-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி தொடங்கப்பட்ட புதிய வருமானவரி இணையதளம் அடிக்கடி நின்றுபோயிற்று. நாடெங்கிலுமிருந்து புகார்கள் குவிந்தன. ஆகஸ்ட் 23-ஆம் தேதி அதை அமைத்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி நிதியமைச்சகத்துக்கு அழைக்கப்பட்டு விளக்கம் கேட்கப்பட்டார். கணக்குச் சமர்ப்பிக்கும் கெடுவும் நீட்டிக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, பிழை வாசகம் தோன்றியவுடன் மறுபடியும் பொத்தானை அழுத்தலாகாது. அங்கத்தினரின் கணக்கைத் திறந்து, முதற்பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவதாக, பணம் பெற்ற சங்கம் கையால் எழுதிய ரசீதைத் தேதி, நேரம், வரிசை எண்ணுடன் அப்போதே கொடுத்துவிட வேண்டும். அங்கத்தினரும் ரசீதின்றி இடத்தைவிட்டு எழலாகாது. தவணை நாளன்றே பணம் கட்டியதற்கு அதுவே சாட்சி. இது பழமை என்று எவரும் நகைக்க வேண்டுவதில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையால் உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றபோது, நம் நாட்டு விமான நிலையங்களிலேயே பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டு தந்துதான் விமானங்களில் ஏற்றினார்கள்.

மூன்றாவதாக, ஒவ்வொரு சங்கமும் ஒரு பிழைப் பதிவேடு வைத்தல் நலம். என்று, எம்மணிக்கு, எவ்வேலையின்போது, எந்த வாசகம் தோன்றிற்று என்பதை எழுத்துப் பிசகாமல் அதில் குறிக்க வேண்டும். திரையைச் செல்பேசியில் படமெடுத்துக்கொள்வதும் உதவும். மாதந்தோறும் நிர்வாகக் குழு அதனைப் பார்வையிட்டு, அண்டைச் சங்கங்களின் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, ஒரே கடிதமாக மேலே அனுப்பட்டும். பத்துச் சங்கங்களில் ஒரே நாளில் ஒரே பிழை நேர்ந்திருந்தால், குற்றம் எந்தக் குமாஸ்தாவினுடையதும் அன்று என்பது தானே விளங்கும்.

நான்காவதாக, பிழை வாசகம் தமிழில் வேண்டும் என்று கேட்போம். இது சலுகையன்று. பொது மென்பொருள் வட்டார மொழிகளில் அமையும், மாநிலத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்கதாயிருக்கும் என்று 2022-ஆம் ஆண்டுத் திட்ட அறிவிப்பே கூறியுள்ளது. "வங்கியின் தொடர்பு கிடைக்கவில்லை, உங்கள் பதிவு ஏறவில்லை, அரை மணி கழித்து முயல்க" என்று மூன்று சிறு வாக்கியங்கள் போதும். என்ன நேர்ந்தது, பணம் எங்கே நிற்கிறது, இனி என்ன செய்வது என்ற மூன்றும் அதில் அடங்கிவிடும்.

யந்திரம் நம் வேலையைக் குறைக்க வந்தது. அதன் பிழையைச் சுமக்கும் பொறுப்பு, மலையிறங்கி வந்த விவசாயிக்கும் தறியில் அமர்ந்த நெசவாளிக்கும் தனித்த குமாஸ்தாவுக்கும் உரியதன்று. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பிழைப் பதிவேட்டையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.