தர்ம ஸ்தாபனங்களின் கூட்டுமுயற்சி

தர்ம ஸ்தாபனங்கள் பல ஓரிடத்தில் தொண்டாற்ற முற்படுமிடத்து அவை தம்முள் ஒன்றுபட்டு இயங்குதல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின், எதனை விட்டுக்கொடுத்து ஒன்றுபடுவது என்னும் வினாவிற்கு விடை காணுதல் அத்துணை எளிதன்று. பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் நடைபெற்ற சில முயற்சிகளைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

1869ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே தர்ம ஒழுங்கமைப்புச் சங்கம் நிறுவப்பட்டது. அந்நகரில் அக்காலத்துத் தர்ம சபைகள் மிகப் பல. ஒரு சபை செய்வதை மற்றொன்று அறியாது; ஆதலின், ஒருவரே பலவிடத்தும் உதவி பெற, மற்றொருவர் ஓரிடத்தும் பெறாதொழிகின்றார் என்பது சங்கத்தார் கண்ட குறை. அதனைப் போக்குதற்பொருட்டு வட்டாரந்தோறும் குழுக்களை அமைத்து, உதவி வேண்டுவோரின் நிலையை வீடு சென்று விசாரித்து எழுதிவைத்தனர். பிற்காலத்துச் சமூகசேவைக் கல்விக்கு இவ்விசாரணை முறை வித்தாயிற்று. எனினும், உதவிபெறத் தகுதியுடையார் யார், தகுதியில்லார் யார் எனப் பிரிப்பதிலேயே அவர்தம் கருத்துப் பெரிதுஞ் சென்றமையால் ஏழை மக்கள் பலர் அச்சங்கத்தை வெறுத்தனர். ஈவோர் தம்மைத் திருத்திக்கொள்ளாது ஏற்போரைத் திருத்த முயன்ற ஒற்றுமை அது என்பது எமது கருத்து.

1963ஆம் ஆண்டிலே தோன்றிய அனர்த்த அவசரகாலக் குழு இதற்கு மாறானது. பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கம், ஒக்ஸ்பாம், சிறுவர் பாதுகாப்பு நிதியம், கிறிஸ்தவ உதவி நிறுவனம், ‘வறுமைமேற் போர்’ எனப் பெயரிய இயக்கம் ஆகிய ஐந்தும் சேர்ந்து இதனை அமைத்தன. வெளிநாடுகளிற் பேரனர்த்தம் நேர்ந்தவழி ஒவ்வொன்றும் தனித்தனியே மக்களிடம் கையேந்தாது, வானொலி, தொலைக்காட்சி வாயிலாக ஒரே வேண்டுகோள் விடுப்பதும், சேர்ந்த பணத்தை உடன்பட்ட விகிதப்படி பகிர்ந்துகொள்வதுமே ஏற்பாடு. அவ்விகிதம் ஒவ்வொரு ஸ்தாபனத்தின் செயலாற்றலையுங் கொண்டு கணிக்கப்படும். பணம் வந்தபின் பங்கு பேசுதல் பகைக்கு இடமாதலின், கணிக்கும் முறையை முன்னரே பேசி முடித்தலே இதன் உயிர்நாடி. (நம்மூர்ச் சபைகளின் தனாதிகாரிகள் இதனைச் சற்றே கவனிப்பாராக!) 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளுக்கென இக்குழு திரட்டிய தொகை 39 கோடியே 20 இலட்சம் பவுண்.

பணந் திரட்டுதலில் ஒன்றுபடுதல் ஒருவாறு எளிது. களத்தில் ஒன்றுபடுதலே அரிது. 1994 யூலையில் றுவண்டாவிலிருந்து பல இலட்சம் மக்கள் சில நாட்களுள் அயல்நாடாகிய சயரின் கோமா நகர்ப்புறத்தே புகுந்தனர். எரிமலைக் கற்பாறையாகிய அந்நிலத்தில் மலகூடக் குழி தோண்டுதலும் அரிதாயிற்று. கொலரா பரவிப் பல்லாயிரவர் மடிந்தனர். உதவ வந்த தொண்டர் ஸ்தாபனங்களோ மிகப் பல. அவற்றுட் சில போதிய அனுபவமின்றி வந்தவை. இக்குறைகளைப் பல நாடுகள் கூடி நடத்திய மதிப்பீடு 1996இல் எடுத்துக்காட்டிற்று. அடுத்த ஆண்டிலே ஸ்தாபனங்கள் சேர்ந்து ‘ஸ்பியர்’ எனுந் திட்டத்தைத் தொடங்கிக் குறைந்தபட்ச அளவுகளை வகுத்தன: ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 15 இலீற்றர் நீர், 20 பேருக்கு ஒரு மலகூடம், ஆளொருவருக்கு 3.5 சதுர மீற்றருக்குக் குறையாத கூரையிடம். நீர் ஒருவர் பொறுப்பு, மலகூடம் இன்னொருவர் பொறுப்பு என வேலையைப் பிரிக்குமிடத்து, எவ்வளவு செய்தாற் போதும் என்பதில் வழக்கிற்கு இடமில்லாது போயிற்று.

இவையெல்லாம் இருந்தும் கடற்கோளின்போது பழைய குறைகள் மீண்டும் தலைகாட்டின. நாற்பதுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் கூடித் தம் பணியைத் தாமே ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அறிக்கை அதனை ஒளிக்கவில்லை. முதல் நாட்களில் உயிர்களைக் காத்தோர் பெரும்பாலும் அயலவரும் உள்ளூர் மக்களுமே. பின்னர் பெருநிதியோடு வந்தோர் பலர் அவர்தம் ஆற்றலைப் புறக்கணித்ததோடு, உள்ளூர் நிறுவனங்களின் ஊழியரையும் தம்பால் ஈர்த்துக்கொண்டனர். சம அளவினர் ஐவர் செய்துகொண்ட உடன்படிக்கை, பெரியாரும் சிறியாரும் சேருமிடத்துப் போதாது என்பது இதனாற் புலனாம். 2016 மே மாதத்தில் இஸ்தான்புல் நகரிற் கூடிய உலக மாநாட்டிலே, கொடைநாடுகள் சிலவும் பெரிய ஸ்தாபனங்களும் 2020ஆம் ஆண்டளவில் நிவாரண நிதியின் 25 சதவீதத்தையேனும் உள்ளூர், தேசிய அமைப்புகளிடம் இயன்றவரை நேரே சேர்ப்பதென உடன்பட்டன. குறித்த காலத்துள் அவ்வெல்லையை எட்டியோர் அவருள் ஒரு பகுதியினரே.