நம் மலைகளை வரைந்த இருவர்

ஓசூர் என்றால் தொழிற்சாலை, கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மலைகள் சித்திரங்களாகி இலண்டன் சென்ற வரலாறு நம்மில் பலர் அறியாதது. அவற்றை வரைந்தவர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கிலேயர் இருவர்.

தாமஸ் 1749-இல் ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் கோச்சு வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழில் பழகினார். பின்னரே ராயல் அகாதெமியில் ஓவியம் பயின்றார். அவருடைய சகோதரரின் மகனான வில்லியமோ தந்தையை இழந்த சிறுவன். 1785-இல் இருவரும் கப்பலேறியபோது அவனுக்கு வயது சுமார் பதினாறு. நம் பத்தாம் வகுப்பு மாணவியரின் வயதுதானே! அவன் அதுவரை எந்த ஓவியப் பள்ளியிலும் பயிலவில்லை. வழிநெடுக வரைந்து வரைந்தே கற்றான்.

கல்கத்தாவில் அவர்கள் செப்புத் தகட்டில் படம் அச்சிட முனைந்தனர். தகட்டின் மேல் பிசின் தூளைப் படியவைத்துச் சூடாக்கி, அமிலத்தில் அரிக்கவிட்டால், நீர்வண்ணம் போன்ற மென்மையான நிழல்கள் அச்சில் விழும். சொல்லித்தர ஆளில்லாத அவ்வேலையைத் தாங்களே தட்டுத்தடுமாறிப் பழகி, 1786 முதல் 1788-க்குள் அந்நகரின் 12 காட்சிகளை வெளியிட்டனர்.

1792 மார்ச்சில் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. அடுத்த மாதமே இருவரும் சென்னையிலிருந்து நம் பக்கம் புறப்பட்டனர். ஓசூர், இராயக்கோட்டை, ஜகதேவி, வீரபத்திர துர்க்கம் ஆகியவை அவர்கள் படங்களில் இடம்பெற்றன. பாறையும் கோட்டையும் வானமுமாக அமைதி தவழும் அப்படங்களைக் காணும்போது, சற்று முன்புவரை அங்கே போர் நடந்ததையும் நாம் மறக்கலாகாது.

1794-இல் தாயகம் திரும்பி, 1795 முதல் 1808 வரை உழைத்து, 144 படங்கள் கொண்ட 'ஓரியண்டல் சீனரி' தொகுதிகளை முடித்தனர். தாமஸ் 1799-இலும் வில்லியம் 1822-இலும் ராயல் அகாதெமியின் முழு உறுப்பினர் ஆயினர். வண்டிக்கு வண்ணம் பூசிய கைக்கும், வழியிலேயே பாடம் கற்ற கைக்கும் கிடைத்த சிறப்பு அது!

இன்று நம் மாவட்டத்துப் பாறைகள் பல கிரானைட் பலகைகளாக அறுபட்டுப் போகின்றன. அன்று மலை எப்படி இருந்தது என்பதற்கு அச்சித்திரங்கள் சாட்சி. இன்று எப்படி இருக்கிறது என்பதற்கு யார் சாட்சி சொல்வது? தோழியரே, பேருந்துச் சன்னலில் நாம் நாளும் காணும் குன்றுகளை ஒரு தாளில் வரைந்து, தேதியிட்டு வைப்போம். அதற்குப் பென்சிலும் பொறுமையும் போதும்.