காணிப்பாக்கம் முதல் அலிபிரி வரை: விட்டுப்போன பாதையை இணைப்பது எப்படி?

புரட்டாசி பிறந்ததும் தமிழ்நாட்டிலிருந்து திருமலையை நோக்கி நடைப்பயணக் கூட்டங்கள் கிளம்பிவிடும். வேலூர், சித்தூர் வழியாக வருபவர்களில் சிலர் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே நடப்பார்கள். அங்கிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கி.மீ.; சாவகாசமாக நடந்தால் மூன்று நாள். இந்த வழியில் வசதியான பகுதி கடைசியில்தான் வருகிறது. அலிபிரியில் தொடங்கும் 3,550 படிகளில் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. விளக்கும் குடிநீரும் கழிப்பறையும் உண்டு. அந்தப் படியை எட்டும்வரை நடப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சாலையின் ஓரம் மட்டுமே.

அந்த ஓரம் எத்தனை ஆபத்தானது என்பதற்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குச் சொல்கிறது. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். 4,836 பேர் சைக்கிளில் சென்றவர்கள். வாகனங்களின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சித்தூர்–திருப்பதி நெடுஞ்சாலை ஆறுவழியாக விரிந்தபோது காரில் போகிறவர்களுக்கு நேரம் மிச்சமானது. சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியவர்களுக்கோ தூரமும் கூடியது, எதிரே வரும் வண்டியின் வேகமும் கூடியது.

நெடுஞ்சாலையை ஒட்டியே நடைபாதை போடுவது ஒரு தீர்வு. பழனிக்கு நடந்து போகும் பக்தர்களுக்காகத் திண்டுக்கல்–பழனி சாலையோரம் தனி நடைபாதை போடப்பட்டிருக்கிறது. நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுநெறி. ஆனால் எத்தனை நீளமான நடைபாதையும் ஒரு பெரிய சந்திப்பில் வந்து முடிந்துபோனால், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு அந்த வழியே பயனற்றதாகிவிடுகிறது. மிக மோசமான நூறு மீட்டர்தான் வழியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் கிராமப்புறப் பாதை வலையமைப்பைத் திட்டமிடுபவர்கள் முதலில் தேடுவது புதுப்பாதை போட இடத்தை அல்ல. இருக்கும் பாதைகள் எங்கெங்கே அறுந்து கிடக்கின்றன என்பதை.

குறைந்த செலவில் எல்லா ஊர்களையும் இணைப்பது எப்படி என்ற கேள்விக்குக் கணிதத்தில் பழைய விடை ஒன்று உண்டு. செக் நாட்டுக் கணிதவியலாளர் ஒட்டாகர் போரூவ்கா, மொராவியா பகுதிக்கு மின்கம்பி இழுக்கும் சிக்கலை ஆராய்ந்து 1926இல் அதை வெளியிட்டார். ஒவ்வொரு ஊரையும் அதற்கு மிக அருகில் உள்ள ஊரோடு இணை. அப்படி உருவான குழுக்களை மறுபடி மிகக் குறுகிய இணைப்பால் சேர். எல்லாம் ஒன்றாகும்வரை தொடர். காணிப்பாக்கம், சித்தூர், பாகாலா, சந்திரகிரி, ஸ்ரீனிவாச மங்காபுரம், திருச்சானூர், அலிபிரி என்று புள்ளிகள் வைத்தால் இந்த முறையில் சிக்கனமான வரைபடம் ஒன்று கிடைத்துவிடும்.

சிக்கனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. இந்த வரைபடத்தில் ஒரு கண்ணி அறுந்தால் மாற்றுவழி கிடையாது. 2021 நவம்பர் பெருமழையில், திருமலைக்கு ஏறும் இன்னொரு வழியான ஸ்ரீவாரி மெட்டின் 2,388 படிப் பாதை சிதைந்து, 2022 மே மாதம்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட மாதங்களில் நடந்து மலையேற அலிபிரி வழி இருந்தது. இரண்டாவது வழி என்பது ஆடம்பரம் அல்ல என்பதை அந்த மழை காட்டியது.

நெடுஞ்சாலைக்கு மாற்றாகக் கிராமச் சாலைகளும் கால்வாய்க் கரைகளும் ஏரிக்கரைகளும் இருக்கின்றன. ஏரிக்கரைகள் சமமட்டத்தில் ஓடுபவை. சைக்கிளுக்கு இது பெரிய வரம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ, 10 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், சமதளத்தில் சுமார் 25 வாட் சக்தி போதும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சரிவில், புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே மேலும் 109 வாட் வேண்டும். வெறுங்காலோடு நடப்பவருக்கு வேறொரு கணக்கு. கோடை நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். மர நிழலில் உள்ள மண்பாதை அவ்வளவு சுடாது.

ஆனால் எல்லா ஏரிக்கரையும் பாதைக்கு ஆகாது. அதே 2021 மழையில் திருப்பதி அருகே ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களின் மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. கரையின் உறுதியை நீர்ப்பாசனப் பொறியாளர் சோதித்துச் சொன்ன பிறகே அதன்மேல் ஆட்களை விட வேண்டும்.

காட்டோரத்தில் இன்னொரு கட்டுப்பாடு. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் 15 வயதுக்கு உட்பட்டவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் மலைப்பாதையில் அனுமதிப்பதில்லை என்று தேவஸ்தானம் அறிவித்தது. சிறுத்தை அந்தியிலும் இரவிலும் நடமாடும் விலங்கு. எறிந்துவிட்டுப் போகும் உணவுக்கு நாயும் பன்றியும் வரும்; அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். ஆகவே குப்பை எடுக்கும் ஏற்பாடும் பாதை மூடும் நேரமும் வரைபடத்தோடு சேர்ந்தே முடிவாக வேண்டியவை.

வழிகாட்டுவதற்கு பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்திடம் ஒரு யோசனை இருக்கிறது. சுரங்கப் பொறியாளராக இருந்த ஹ்யூகோ போலன், சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்தார். 1995இல் அந்த வலையமைப்பு திறக்கப்பட்டது. 12, 27, 31 என்று சீட்டில் குறித்துக்கொண்டு கிளம்பினால் போதும். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் சித்தூர்ச் சீமைக்கு இது நன்றாகவே பொருந்தும். எண்ணைப் படிக்க இரு மொழிக்காரருக்கும் சிரமமில்லை.

யாத்திரை வருவது சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் யாரும் போகாத பாதையை முள்ளும் மணல் லாரியும் பிடித்துக்கொள்ளும். அதைத் தினமும் உயிரோடு வைத்திருக்கப்போவது பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், பால் கேன் கட்டிய சைக்கிள்களும், மாந்தோப்புக் கூலியாட்களும்தான். பீகார் அரசு 2006இல் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமானது. காணிப்பாக்கம் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இந்த 70 கி.மீ.க்கு இரண்டு கலெக்டர்கள், நெடுஞ்சாலை ஆணையம், நீர்ப்பாசனத் துறை, வனத்துறை, ஊராட்சிகள், தேவஸ்தானம் எனப் பலரும் ஒரே மேஜைக்கு வர வேண்டும். அந்த மேஜையில் முதலில் இருக்க வேண்டியது மதிப்பீட்டுத் தொகை அல்ல. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையும் ஒரு சாதாரணப் பள்ளி நாளும் எத்தனை பேர், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு ஆறுவழிச் சாலையைக் கடக்கிறார்கள் என்று எண்ணி எடுத்த பட்டியல். சுரங்கப்பாதையை எங்கே தோண்டுவது என்று அது சொல்லிவிடும்.