விழித்திரையில் ஓயாத காவல்

முதுமையில் பார்வை மங்கினால் பலரும் முதலில் நினைப்பது கண்புரையைத்தான். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு, பார்வை திரும்பும். விழித்திரையின் மையமான மேக்குலா சிதைவது அப்படியல்ல. ஓரப் பார்வை தப்பிவிடும். எதிரே நிற்பவரின் முகமும் செய்தித்தாள் எழுத்தும் தெரியாமல் போகும். கண்ணில் நேரும் இந்தச் சிதைவில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு என்ன வேலை?

விழித்திரையின் ஒளியுணர் செல்கள் தினமும் தம் நுனியைக் கழித்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன. அந்தக் கழிவை விழுங்கிச் செரிப்பது பின்னாலுள்ள நிறமிச் செல் அடுக்கு. வயது ஏற ஏற அடுக்கின் அடியில் கொழுப்பும் புரதமும் மஞ்சள் திட்டுகளாகப் படிகின்றன. ட்ரூசன் எனப்படும் இத்திட்டுகளைச் சோதித்தபோது, அவற்றில் காம்ப்ளிமென்ட் புரதங்கள் இருந்தன.

காம்ப்ளிமென்ட் நம் பழமையான தற்காப்பு முறை. கிருமியைக் கண்டால் சி3 என்ற புரதம் உடைந்து, ஒரு துண்டு அதன்மேல் ஒட்டி விழுங்கும் செல்களுக்கு அடையாளம் காட்டும்; இன்னொன்று அழற்சியைத் தூண்டும். தொடரின் முடிவில் கிருமியின் சவ்வில் துளை விழும். இதன் ஒரு கிளை கிருமி இல்லாதபோதும் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் செல்களை அது தாக்காமல் பிடித்து வைக்கும் பிரேக், ஃபேக்டர் ஹெச் என்ற புரதம்.

2005-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரே முடிவை வெளியிட்டன: ஃபேக்டர் ஹெச் மரபணுவின் ஒரு வகை இந்நோயின் அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. மாற்றம் மிகச் சிறியது. புரதத்தின் 402-ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின். ஆனால் இந்த வகையைப் பெற்ற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வயதும் புகைப்பழக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

2023-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கான இரு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. பெக்செட்டகோபிளான் சி3-ஐயும் அவாசின்காப்டட் பெகால் அதே தொடரின் சி5 என்ற புரதத்தையும் தடுக்கின்றன. கண்ணுக்குள் ஊசியாகத் திரும்பத் திரும்பப் போட வேண்டிய இவை, புது ரத்தக்குழாய்கள் முளைக்காத உலர் வகையின் முற்றிய நிலையில் சிதைவு பரவும் வேகத்தைக் குறைக்கின்றன; இழந்த பார்வையை மீட்பதில்லை. இந்த ஊசியால் சிலருக்குப் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும் ஈர வகை நோயும் வரலாம்.

செத்த செல்லுக்குச் சிகிச்சை இல்லை என்பதால், முந்திக்கொள்வதே வழி. பார்வை குறையும் முன்பே ட்ரூசன் திட்டுகள் மருத்துவரின் கண்ணில் படும். ஐம்பதைக் கடந்தவர்கள் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்; புகைப்பவர்கள் நிறுத்தட்டும். கதவு நிலையின் நேர்கோடு வளைந்து தெரிந்தால், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.